மேல் உதட்டில் போட்ட நுரை

கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் வேறு யாரோ ஒருவன் இருந்தான். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு வெளுப்பு. வெயில் படாத தோல். முதலாளி ஈரத் துண்டால் அந்த இடத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். கேமரா பிடிக்க வந்த பட்டணத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். என் காதோரம் கொஞ்சம் நுரை மிச்சமிருந்தது. அது நல்ல நுரை. தயிர் மாதிரி கெட்டியானது. நுரை போட்ட பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நுரை அவ்வளவு கெட்டியாக மூடியதால் கத்தி எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

நான் மலைக்காரன். நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊர். சாமை, ராகி, புளி. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. முதலாளி கீழே சந்தவாசலைச் சேர்ந்தவர். வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, ஊரில் ஒரு கடைசல் பட்டறை போட்டார். நாற்காலிக் கால் கடைவதற்கு அல்ல. முகம் மழிக்கிற பிரஷ் செய்வதற்கு. சந்தவாசலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கூரியர் வண்டி பட்டறை வாசலில் வந்து நிற்க ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். கைப்பிடி எங்கள் மலைப் புளிய மரத்தின் வைரக் கட்டை. முடி வெளிநாட்டிலிருந்து கட்டிய குஞ்சமாக வரும். பேட்ஜர் என்று ஒரு பிராணி. படத்தில் பார்த்தால் கீரிக்கும் கரடிக்கும் நடுவில் இருக்கும். எங்கள் காட்டில் கிடையாது. கட்டை கடையத்தான் என்னைச் சேர்த்தார். கொஞ்ச நாளில் குஞ்சம் பொருத்துவதும், யாருக்கு எந்தக் குஞ்சம் என்று பார்ப்பதும் என் கைக்கு வந்தது.

வாங்குகிறவர் தனக்கு வேண்டியதைப் போனில் எழுதி அனுப்புவார். முதலாளி படித்துச் சொல்வார். கட்டி சோப்பு போடுகிறவருக்கு நிமிர்ந்து நிற்கிற முடி வேண்டும். அதற்குக் கட்டையில் குழியை ஆழமாகப் போட்டுக் குஞ்சத்தை உள்ளே இறக்க வேண்டும். வெளியே நிற்கிற முடி குட்டையானால் விறைக்கும். கிண்ணத்தில் கிரீம் கலக்குகிறவருக்குக் குழி மேலாக இருந்தால் போதும். முடி நீளமாக, மெத்தென்று சாயும். தோல் தாங்காதவருக்கு நுனி வெளுத்த முடி. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். ஒரே குஞ்சம்தான். குழியின் ஆழம் கொஞ்சம் மாறினால் வேறு ஆளுடைய பிரஷ் ஆகிவிடும். தண்ணீரும் பார்க்க வேண்டும். மலை ஊற்றுத் தண்ணீரில் எந்த பிரஷ்ஷும் நுரைக்கும். சந்தவாசல் போர்த் தண்ணீர் உப்பு. அதில் நுரை எழுந்து, எழுந்த வேகத்தில் செத்துப்போகும். நான் இரண்டு தண்ணீரிலும் போட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

ஒரு நாள் வீடியோ எடுக்க ஆள் வந்தார்கள். எந்த சோப்புக்கு எந்த பிரஷ் என்று ஒரு முகத்தில் போட்டுக் காட்ட வேண்டும். முதலாளியின் தோல் குழந்தைத் தோல், உரசினால் தடித்துவிடும். அதனால் என்னை உட்கார வைத்தார்.

"இவன் மூஞ்சிதான் சரி. முடி கம்பியாட்டம் கீது. இதுல நுரை நின்னா எதுலயும் நிக்கும்" என்றார் அவர்களிடம்.

"மீசையில மட்டும் கை வெக்காதீங்க. எங்கப்பா இருக்காரு" என்றேன்.

"தெரியும்டா. ஒக்காரு."

அவருக்குத் தெரியும். கீழேயும் அதே வழக்கம்தான். அப்பன் உயிரோடு இருக்கும்வரை மகன் மீசையில் கத்தி படாது. அப்பன் போன அன்றைக்கு எடுப்பான். மகன் அப்பனுக்குக் கடைசியாகக் கொடுப்பது அது. வெளிநாடு போய் வந்தவர்கள் மழுமழுவென்று திரும்பி வருகிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. முதலாளியும் அப்படித்தான். அவர் உதட்டின் மேல் நான் மீசையைப் பார்த்ததே இல்லை. அன்று முதலில் கன்னம், பிறகு தாடை என்று எனக்கு நுரை போட்டவர், நுரை பார்க்க அழகாக இருக்கும் என்று யாரோ சொன்னதும் உதட்டின் மேலும் போட்டார். கண்ணிலும் கொஞ்சம் பட்டது. கண்ணை மூடினேன். கத்தி ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான்.

"இன்னாங்க பண்ணிட்டீங்க" என்றேன்.

"முடிதானேடா. வளந்துடும்" என்றார்.

அப்போது அப்பா வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. தம்பி கூட இருந்தான். அன்று சாயந்திரம் நான் மலைக்குப் போயே ஆக வேண்டும். அப்பாவுக்கு மாற்று வேட்டியும் கொஞ்சம் ராகி மாவும் அம்மாவிடம் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் டவர் கிடையாது. முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. துண்டால் வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் போனேன். ஜீப் நிற்கிற இடத்தில் சித்தி விறகுக் கட்டோடு நின்றிருந்தாள்.

"இன்னாப்பா, வாயை மூடிக்கினு வர்ற. அப்பா எப்டி கீறாரு?"

பதில் சொல்வதற்காகத் துண்டை இறக்கினேன். நான் மெல்லப் பேசுகிறவன். வாய் திறப்பதற்குள் அவள் உதட்டைப் பார்த்துவிட்டாள். கட்டு கீழே விழுந்தது. அவள் போட்ட சத்தம் எனக்கு முன்னால் ஓடியது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு. அப்பா நல்லாத்தான் இருக்கார் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். உதட்டைப் பார்த்தவர்கள் அதைக் கேட்கவில்லை. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. எங்கள் ஊரில் அந்த உதடு ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லும். நான் வீட்டு வாசலுக்குப் போனபோது அம்மா ராகி அரைக்கிற கல்லில் கையை அடித்து வளையலை உடைத்திருந்தாள். பொட்டு இல்லை. மணிக்கட்டில் ரத்தம்.

விஷயத்தைப் புரிய வைக்க வெகு நேரம் ஆனது. புரிந்த பிறகு யாரும் அழவில்லை. அதுதான் மோசம். தாய்மாமன் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வேலைக்குப் போனியா, வேஷம் கட்டப் போனியா?"

அம்மா உடைந்த வளையலைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவரு இருக்கும்போதே ஏண்டா எடுத்த?"

"நான் எடுக்கலம்மா. மொதலாளி எடுத்துட்டாரு."

"உன் மூஞ்சிடா அது. உனக்குத் தெரியாம எடுக்க முடியுமா?"

மறுநாள் கோயிலில் வைத்து அவளுக்குப் புது வளையல் போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். போட்ட வளையல் அவள் கையில் நிலைக்கவில்லை. சில நாளில் ஆஸ்பத்திரியில் அப்பா இறந்துபோனார். கட்டிலிலேயே படுத்திருந்ததால் ரத்தம் கட்டி நெஞ்சை அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் டாக்டர் சொன்னதை நம்புகிறேன். அம்மா நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. மகன் உதட்டைக் காட்டி எமனை வீட்டுக்குக் கூட்டி வந்தான் என்றார்கள். சடங்கில் முடி எடுக்கிறவர் என் தலையை மழித்துவிட்டு முகத்துக்கு வந்தார். உதட்டின் மேல் கத்தியை வைத்து நிறுத்தினார். அங்கே எள்ளு போல அரும்பியிருந்தது. அவ்வளவுதான். "எடுக்க இன்னா கீது இங்க" என்று மெல்லக் கேட்டார். கேட்டுவிட்டு வெறும் தோலில் கத்தியை ஓட்டினார். அப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை ஏற்கெனவே பட்டறைத் தரையில் கொட்டிவிட்டார்கள். யாரோ விளக்குமாற்றால் கூட்டியிருப்பார்கள்.

சாவுக்கு முதலாளி ஒரு மாலை அனுப்பினார். அவர் வரவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய அன்று என்னைப் பார்த்தவர், சாவைப் பற்றிப் பேசாமல் தன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"இன்னாடா, வளருதா? நம்ம வீடியோவ வெளிநாட்ல அவ்ளோ பேரு பாத்துக்கினு கீறானுங்க. உன் மீசைதான் ஹீரோ."

கட்டையை லேத்தில் மாட்டினேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஆளுக்கு ஏதாவது செய்யாமல் விடக்கூடாது என்று. வேலையை விட்டுவிடு என்று தம்பி சொன்னான். விட்டால் அவர் என் கைக்கு எட்டாத தூரம் போய்விடுவார். அதனால் இருந்தேன். முன்னைவிட நன்றாக வேலை செய்தேன். அவர் முகத்தை நான் அறிந்த அளவு அவர் பெண்டாட்டிகூட அறிந்திருக்க மாட்டாள். மாதிரி பிரஷ்ஷை அவர் தன் முகத்தில்தான் போட்டுப் பார்ப்பார். தாடைக்குக் கீழே இடது பக்கம் முதலில் சிவக்கும். தொண்டை மேட்டில் முடி எதிர்ப்பக்கம் திரும்பி வளரும். வெள்ளை நுனியுள்ள நீள முடி பிரஷ் ஒன்றைத் தவிர எதுவும் அவருக்கு ஆகாது. அதை அவருக்காக நான்தான் செய்துகொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் கண்ணை மூடி அதை முகத்தில் சுற்றும்போது பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த ஆளுக்கு வாழ்க்கையில் இருந்த பெரிய சுகம் அது. நான் கொடுத்த சுகம்.

இடையில் ஒரு குஞ்சம் கெட்டுப்போனது. வடிவம் சரியில்லை என்று முதலாளி அவசரத்தில் கத்தரியை எடுத்து நுனியை வெட்டிவிட்டார். பேட்ஜர் முடியின் உயிர் நுனியில் இருக்கிறது. அது தானாக மெலிந்து முடிய வேண்டும். வெட்டினால் ஒவ்வொரு முடியும் ஊசி. வாங்கியவர் வைது எழுதித் திருப்பி அனுப்பினார். தூக்கிப் போடு என்றார் முதலாளி. நான் போடவில்லை. குஞ்சத்தைப் பிடுங்கி, குழியை இன்னும் ஆழமாக்கி மறுபடி இறக்கினேன். முடி துடைப்பக்கட்டை மாதிரி நின்றது. கைப்பிடியை அவருடைய சொந்த பிரஷ்ஷின் கைப்பிடி போலவே கடைந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. கையில் இருக்கட்டும் என்று வைத்தேன்.

அவருடைய அப்பா இறந்தார். வயதானவர், படுத்த படுக்கையாக இருந்தவர். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் மகன்களுக்கு முடி எடுக்கிற சடங்கு. பெரிய அண்ணன் முடிந்து எழுந்தார். முதலாளி மணைக்கட்டையில் உட்கார்ந்தார். அவருக்குத் தலையை மழித்தார்கள். முகத்துக்கு வந்தபோது முடி எடுக்கிறவரைக் கையை நீட்டித் தடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் இரு. வெறுந்தண்ணில செரைச்சா எனக்கு ஒத்துக்காது." பிறகு என்னைப் பார்த்தார். "டேய், வண்டி எடுத்துக்கினு போயி என் பிரஷ்ஷ கொண்டா. நான் போடறதுதான். தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க" என்றேன்.

பட்டறையில் யாரும் இல்லை. அலமாரியைத் திறந்தேன். இரண்டும் அடுத்தடுத்து நின்றன. பார்வைக்கு ஒன்று. ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், பூனைக்குட்டி வயிறு. மற்றதை வைத்தேன், கன்னத்தை இழுத்துக்கொண்டேன். அப்பன் செத்துக் கிடக்கிற ஆள், இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. என் அப்பன் செத்த அன்றைக்கு எனக்காக யார் அப்படி நினைத்தார்கள் என்று இன்னொரு மனசு கேட்டது. வெட்டு முடி பிரஷ்ஷை எடுத்தேன். கிரீம் டப்பாவை விட்டுவிட்டுக் கட்டி சோப்பை எடுத்தேன். உப்புத் தண்ணீரில், விறைத்த முடியில், கட்டி சோப்பு என்ன நுரை தரும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் தராது. தோலைக் காய வைக்கும்.

நுரையை நீயே போடு என்று முடி எடுக்கிறவர் இடம் விட்டார். முதலாளியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முதல் சுற்றிலேயே அவர் கண்ணைத் திறந்தார். அவர் பிரஷ் விற்கிறவர். அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தார். நான் கையை நிறுத்தவில்லை. சுற்றி உறவுக்காரர்கள் நின்றிருந்தார்கள், அண்ணன்மார் நின்றிருந்தார்கள். அப்பன் பிணம் வீட்டில் இருக்கும்போது பிரஷ் குத்துகிறது என்று எந்த மகன் வாயைத் திறப்பான்?

"போதும்டா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"நுரை வரலீங்க. கீழ்த் தண்ணி" என்றேன்.

தாடைக்குக் கீழே இடது பக்கம் போட்டேன். தொண்டை மேட்டில் போட்டேன். கடைசியாக மேல் உதட்டில் போட்டேன். அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகு நேரம் போட்டேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கத்தி முடித்து எழுந்தபோது முகம் வெந்த பீட்ரூட் போல இருந்தது.

பிணத்துக்குப் பக்கத்தில் போய் அவர் நின்றார். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

"பாருடி, அழுது அழுது மூஞ்சியே வெந்து போயி கீது."

"வெளிநாட்ல இருந்தவன், கண்ணுல தண்ணியே வராதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்ன என் வாயில மண்ணுதான் போடணும். பெரியவனப் பாரு, மாப்பிள்ளையாட்டம் நிக்கிறான். இவன்தான் பிள்ளை."

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவர் தோளைப் பிடித்து அதையே சொன்னார்கள். முகம் ஆற நாளானது. ஆறுகிறவரைக்கும் அவருக்குப் பெருமைதான். உயிரோடு இருந்தபோது அப்பனை எட்டிப் பார்க்காதவர் என்று ஊரே பேசிய ஆள். என் கையால் அவரை நல்ல பிள்ளையாக்கி அனுப்பினேன். அன்று எனக்கு வந்த கோபம் மீசை போன அன்றுகூட வரவில்லை.

பட்டறை திறந்த அன்று முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். கன்னத்தில் பொருக்கு இருந்தது. கதவைச் சாத்தினார்.

"தீந்துச்சாடா?"

"இல்லீங்க."

"வேலைய வுட்டு அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க."

அவர் அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். குஞ்சம் பார்க்கிற வேறு கை பட்டறையில் இல்லை. கன்னத்துப் பொருக்கைச் சொறிந்தார்.

"இன்னாதான் வேணும் உனக்கு?"

"எங்கம்மா கிட்ட வந்து சொல்லுங்க. நீங்கதான் எடுத்தீங்க, நான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லுங்க."

எனக்கு வேண்டியது கடைசிவரை அது ஒன்றுதான். அப்பா போன பிறகு அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. சோறு போடுவாள். பேசுவாள். கண் மட்டும் என் சட்டைப் பொத்தானில் நிற்கும். மீசை பழையபடி வளர்ந்த பிறகும் பொத்தானைத்தான் பார்த்தாள்.

முதலாளி வருகிறேன் என்றார். தள்ளிப் போட்டார். மழை என்றார், ஆர்டர் என்றார். நான் ஒவ்வொரு முறையும் சரிங்க என்றேன். அதற்குள் அவர் பிரஷ் போடுவதை விட்டிருந்தார். நான் செய்துகொடுத்த நல்ல பிரஷ்கூட அவர் கைக்குப் பயமாகிவிட்டது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கரண்ட் மெஷினால் வழித்துக்கொண்டு வருவார். பிரஷ் விற்கிற ஆள். அந்த மெஷின் சத்தம் எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன்.

கடைசியில், போன புளி உலுக்கல் சமயத்தில் வந்தார். ஜீப்பில் முன் சீட்டில் அவர், பின்னால் நான். அம்மா வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் வளையல் இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழேயே உட்கார்ந்தார்.

"அம்மா, இவன் மீசைய எடுத்தது நான்தாம்மா. வேணாம்னு சொன்னான். நான்தான் கேக்கல. என் மேலதான் தப்பு."

நன்றாகச் சொன்னார். அதில் குறை சொல்ல முடியாது. அம்மா கையில் இருந்த புளியை உடைத்து முடித்தாள். கொட்டையைத் தட்டில் போட்டாள்.

"யாரு கை எடுத்தா இன்னாங்க. மூஞ்சிய குடுத்துக்கினு ஒக்காந்தது அவன்தானே" என்றாள். பிறகு, "சாப்டுங்க, சாமை சோறு கீது" என்றாள்.

அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்து, குழம்பு போதுமா என்று கேட்டாள். எனக்குப் போடும்போது பொத்தானைப் பார்த்தாள்.

திரும்பும்போது வளைவில் ஜீப் மெல்ல இறங்கியது. முதலாளி பின்னால் திரும்பினார். முகத்தில் பொருக்கு இல்லை, தடிப்பு இல்லை. எதையோ இறக்கி வைத்துவிட்டு வருகிற ஆளாக இருந்தார். இறக்கி வைத்தது எங்கள் வீட்டில்.

"சொல்லிட்டேன்டா. அப்புறம் அவங்க இஷ்டம். இப்பவாவது தீந்துச்சா?"

"நாளைக்கு வேலைக்கு வர்றேங்க" என்றேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்தார். இன்றுவரை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அவர் உதட்டிலிருந்து அந்தச் சிரிப்பை நான் இன்னும் எடுக்கவில்லை.